கிளினிக்குக்கு எந்த ஸ்கேனர்? வேகத்தை விடுங்கள், உங்களிடம் இருக்கும் மோசமான தாளைப் பாருங்கள்

கிளினிக்கில் நின்றுகொண்டு "ஸ்கேனர் வாங்கணும்" என்று சொன்னால், "எந்த ஸ்கேன், வயிற்றுக்கா?" என்றுதான் கேட்பார்கள். நான் சொல்வது அது இல்லை. லேப் ரிப்போர்ட், பழைய மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் கணினிக்குள் ஏற்றிவிட்டு ரிசப்ஷன் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் சின்ன இயந்திரம். ஒன்றிரண்டு டாக்டர்கள், ஒரு ரிசப்ஷன், பிதுங்கி வழியும் ஒரு ஃபைல் அலமாரி என்று இருக்கும் இடங்களில் கணினி வேலை பார்ப்பவன் நான். இந்தத் தேர்வில் ஆட்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்குமே, நிமிடத்துக்கு இத்தனை பக்கம் என்று, அந்த எண்ணில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளைக்கு 40 நோயாளிகள், ஆளுக்கு 4 தாள், மொத்தம் 160. நிமிடத்துக்கு 40 தாள் இழுக்கும் இயந்திரத்தில் இது 4 நிமிட வேலை. 70 தாள் இழுப்பதில் இரண்டே கால் நிமிடம் சொச்சம். ஆக, பெரிய மாடலுக்குப் போய் மிச்சம் பிடித்தது இரண்டு நிமிடம்கூட இல்லை. அதே 160 தாளில் ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கி, மடிப்பை நீவி, யாருடைய தாள் எது என்று பிரித்து, கோப்புக்குப் பெயர் வைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள். அரை மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். அந்த அரை மணியை எந்த இயந்திரம் குறைக்கிறதோ அதுதான் உங்களுக்கான ஸ்கேனர்.

அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரம் வருகிற தாள்களில் மோசமானவற்றை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். என் கையில் இருக்கும் சோதனைக் கட்டில் இவை உண்டு: ஒரு ஈசிஜி சுருள், சட்டைப் பையில் நான்காக மடிந்து வந்த மருந்துச் சீட்டு, கார்பன் வைக்காமலே அடியில் நகல் விழும் ரசீதுத் தாள், உள்ளங்கை அளவுத் துண்டுச் சீட்டு, ஸ்டிக்கர் ஒட்டிய ரிப்போர்ட், எழுத்து புடைத்த பிளாஸ்டிக் அட்டை. புத்தம்புது ஏ4 தாளை எந்த ஸ்கேனரும் எடுத்துவிடும். இந்தக் கட்டை வைத்துத்தான் இயந்திரங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

போனும் கண்ணாடித் தட்டும்

போன் கேமராவில் தொடங்கலாம், கையிலேயே இருக்கிறது. ஒரு தாள், இரண்டு தாள் என்றால் இன்றைய ஸ்கேன் ஆப்கள் நன்றாகவே எடுக்கின்றன. டாக்டரே வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நோயாளிகளுக்கு இதைவிட வசதி கிடையாது. நாள் முழுக்க ஓடும் ரிசப்ஷனுக்கு இது சரிவராது. கை நிழல் விழுவது, ஓரம் வளைவதெல்லாம் சின்னக் குறைகள். பெரிய குறை, படம் எங்கே போகிறது என்பது. போன் கேலரி தானாகவே சொந்தக் கணக்குக்குப் பேக்கப் ஆகும்படிதான் பலர் வைத்திருக்கிறார்கள். ஒருவருடைய பயாப்சி ரிப்போர்ட், ரிசப்ஷனில் இருப்பவரின் பிள்ளையுடைய பிறந்தநாள் படங்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிடும். போன்தான் என்று முடிவு செய்தால் கிளினிக்குக்கென்று தனி போன், தனிக் கணக்கு, பேக்கப் எங்கே போகிறது என்ற தெளிவு, மூன்றும் வேண்டும்.

ஃபிளாட்பெட், அதாவது மூடியைத் திறந்து கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும் வகை, நிதானமானது. 160 தாளை அதில் எடுக்கச் சொன்னால் ஊழியர் வேலையை விட்டே போய்விடுவார். ஆனால் கிழிந்த தாள், தைத்த நோட்டு, ஒட்டிய படம் இவற்றுக்கு வேறு வழியில்லை. முதன்மை இயந்திரமாக வேண்டாம், மூலையில் பழையது ஒன்று இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எக்ஸ்ரே ஃபிலிமை அதில் வைத்து எடுக்கலாமா என்று கேட்பார்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டிய பொருள் அது. சாதாரண ஃபிளாட்பெட்டில் கருப்பாகத்தான் விழும். அதற்குத் தனிக் கருவி இருக்கிறது. எடுத்த இடத்திலேயே டிஜிட்டல் கோப்பைக் கேட்டு வாங்குவது அதைவிடச் சுலபம்.

ஆல் இன் ஒன்: ஆசை காட்டும் வகை

பிரிண்டர் எப்படியும் வேண்டும், அதிலேயே ஸ்கேனரும் இருந்தால் ஒரே செலவு என்று தோன்றும். நியாயமான எண்ணம்தான். நாளைக்கு இருபது முப்பது தாள், எல்லாம் நல்ல ஏ4 என்றால் நானே இதைத்தான் சொல்வேன்.

சோதனைக் கட்டை நீட்டும்போதுதான் சிக்கல். மேலே இருக்கும் தாள் தட்டில் துண்டுச் சீட்டு ஏறாது, பிளாஸ்டிக் அட்டையை விடவே முடியாது. விலை குறைந்தவற்றில் சில ஒரு பக்கத்தை மட்டும்தான் எடுக்கும், சில தாளைத் திருப்பி இழுத்து இரண்டாம் பக்கத்தை எடுக்கும். மடிந்த தாள் சிக்குவது பெரும்பாலும் அந்தத் திருப்பத்தில்தான். ஒருவருக்கு மருந்துச் சீட்டு அச்சாகிக்கொண்டிருக்கும்போது இன்னொருவரின் ரிப்போர்ட் காத்திருக்க வேண்டும். பழுதானால் இரண்டு வேலையும் ஒரே நாளில் நிற்கும்.

இந்த வகையில் பெரிய அலுவலக மாடல்களுக்குப் போகிறவர்கள் இரண்டு பழைய கதைகளைத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டும் 2013 ஆகஸ்டில் வெளிவந்தவை.

முதலாவது ஜெராக்ஸ் கதை. நாம் எல்லா நகல் இயந்திரத்தையும் ஜெராக்ஸ் என்றுதான் சொல்கிறோம். இது அந்தப் பெயருக்கு உரிய நிறுவனமே. டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், வொர்க்சென்டர் வரிசை இயந்திரங்களில் ஸ்கேன் செய்த ஒரு கட்டட வரைபடத்தை எடுத்துக்காட்டினார். தாளில் மூன்று அறைகளின் பரப்பளவு 14.13, 21.11, 17.42 என்று இருந்தது. ஸ்கேனில் மூன்றுக்கும் 14.13 என்றே விழுந்திருந்தது. மங்கலாக, தேய்ந்து விழவில்லை. பளிச்சென்று, தவறாக. கோப்பின் அளவைச் சுருக்க அந்த இயந்திரங்கள் பயன்படுத்திய ஜேபிக்2 என்ற முறை, ஒன்றுபோலத் தெரியும் சின்னச் சின்னத் துண்டுகளை ஒரு முறை மட்டும் சேமித்துக்கொண்டு அதையே மற்ற இடங்களிலும் ஒட்டிவிடும். 6 இருந்த இடத்தில் 8 வந்து உட்கார்ந்துவிடலாம். நிறுவனம் பிறகு மென்பொருள் திருத்தம் கொடுத்தது. மங்கிய எழுத்தைப் பார்த்தால் டாக்டர் சந்தேகப்படுவார், மூலத்தைக் கேட்பார். தெளிவாக இருக்கும் தவறான கிரியேட்டினின் எண்ணைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்? எந்த இயந்திரம் வாங்கினாலும் அமைப்புகளில் 'அதிகச் சுருக்கம்', 'மிகச் சிறிய கோப்பு' போன்ற தேர்வுகளை அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, அமெரிக்காவில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு நிறுவனம் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டிய கதை. வாடகைக்கு எடுத்திருந்த நகல் இயந்திரங்களைத் திருப்பிக் கொடுத்தபோது உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்கை அழிக்கவில்லை. அதில் நோயாளிகளின் தாள்கள் அப்படியே கிடந்தன. நகல் இயந்திரத்துக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. பழைய இயந்திரத்தை வாங்கினாலும், விற்றாலும், வாடகை முடிந்து அனுப்பினாலும் இதைக் கேட்காமல் விடாதீர்கள். மேசை மேல் வைக்கும் சின்ன யுஎஸ்பி ஸ்கேனர்களில் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.

தாள் இழுக்கும் ஸ்கேனர்: இரண்டு குடும்பங்கள்

மிச்சம் இருப்பது ஷீட் ஃபீட் ஸ்கேனர். தாள் கட்டை மேலே வைத்தால் ஒவ்வொன்றாக இழுத்து, ஒரே ஓட்டத்தில் இரண்டு பக்கத்தையும் எடுத்து முன்னால் தள்ளும். உண்மையான போட்டி இதற்குள்தான், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு குடும்பங்களுக்கு நடுவில்.

ஒன்று, 'ஒரு பட்டனை அழுத்து, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிற குடும்பம். ஸ்கேன்ஸ்நாப் ஐஎக்ஸ்1600 இதற்கு நல்ல உதாரணம்: நிமிடத்துக்கு 40 தாள், தட்டில் 50 தாள், தொடுதிரை. கோணலைச் சரிசெய்யும், பக்கத்தைத் திருப்பும், கோப்புக்குப் பெயர்கூடப் பரிந்துரைக்கும். பழக அரை மணி நேரம் போதும். மற்றொன்று, மென்பொருளுக்குக் கீழ்ப்படிந்து நடக்கும் அலுவலகக் குடும்பம். எப்சன் டிஎஸ்-530 II நிமிடத்துக்கு 35 தாள், தட்டில் 50. ரிக்கோ எஃப்ஐ-8170 நிமிடத்துக்கு 70 தாள், தட்டில் 100. எஃப்ஐ வரிசை முன்பு ஃபுஜிட்சு பெயரில் வந்தது, 2023 முதல் ரிக்கோ. உதிரி பாகம் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

இரண்டு குடும்பங்களையும் பிரிப்பது ட்வைன். மென்பொருளும் ஸ்கேனரும் பேசிக்கொள்ள 1992இல் வந்த ஒரு பொது மொழி அது. உங்கள் கிளினிக் மென்பொருளில் நோயாளியின் பக்கத்தைத் திறந்து அங்கேயே இருக்கும் 'ஸ்கேன்' பட்டனை அழுத்தினால், மென்பொருள் பெரும்பாலும் ட்வைன் வழியாகத்தான் ஸ்கேனரைக் கூப்பிடும். ஐஎக்ஸ்1600க்கு ட்வைன் டிரைவர் கிடையாது. எவ்வளவு நல்ல இயந்திரமாக இருந்தாலும் அந்தப் பட்டனின் கண்ணுக்கு அது தெரியாது. முதலில் கோப்பாக எடுத்து, ஒரு ஃபோல்டரில் தேடிப் பிடித்து, சரியான நோயாளியின் பக்கத்தில் ஏற்ற வேண்டும். தாளை வேறு ஆளின் பக்கத்தில் ஏற்றிவிடும் தவறு நடப்பது இந்த இடைவெளியில்தான்.

ஆனால் உங்கள் மென்பொருள் பிரவுசரில் ஓடுவது, கோப்பைப் பதிவேற்றும் வசதி மட்டும்தான் இருக்கிறது என்றால் கதை மாறுகிறது. பிரவுசர் தானாக ட்வைனோடு பேசாது, நடுவில் ஒரு துணை நிரல் போட்டிருந்தால்தான் பேசும். அது இல்லாத இடத்தில் ட்வைன் இருந்தும் பயனில்லை, ஒரு பட்டன் குடும்பமே நிம்மதி. ஆக, ஸ்கேனர் விற்பவரிடம் கேட்கும் முன் மென்பொருள் கொடுத்தவரிடம் ஒரே கேள்வி: "உங்கள் ஸ்கேன் பட்டன் எதன் வழியாக வேலை செய்கிறது?" மழுப்பினால் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது, இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போனால் கண்டுபிடிக்கும் வசதி. அல்ட்ராசானிக் சென்சார் என்பார்கள் (கிளினிக்கில் சொன்னால் மறுபடி குழப்பம்). ஒலி அலை தாள் வழியே போகும்போது நடுவில் காற்று இடைவெளி இருந்தால் வலு குறையும், இயந்திரம் நின்றுவிடும். இது இல்லாவிட்டால் ஐந்து பக்க ரிப்போர்ட் நான்கு பக்கமாகப் போய்ச் சேரும், ஒரு சத்தமும் வராது. ஸ்டிக்கர் ஒட்டிய தாளிலும் இந்த சென்சார் ஏமாந்து நிற்கும். அந்த ஒரு தாளுக்கு மட்டும் 'பரவாயில்லை, போ' என்று சொல்லும் வசதி, அல்லது ஸ்டிக்கர் வரும் இடத்தைக் கண்டுகொள்ளாமல் விடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஊழியர் எரிச்சலில் சென்சாரையே அணைத்துவிடுவார். பார்த்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் அட்டையின் தடிமன் 0.76 மி.மீ., எழுத்து புடைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். தாள் நேராகப் போய் வெளியே வரும் பாதை இருந்தால் அட்டைக்கு நல்லது. உள்ளே வளைந்து திரும்பும் பாதையில் அட்டை நெளியும்.

ரோலர் விஷயத்தை யாரும் முதலில் சொல்வதில்லை. தாளை இழுக்கும் ரோலரும் பிரிக்கும் ரோலரும் தேய்மானப் பொருட்கள். எஃப்ஐ-8170க்கு 2 லட்சம் தாள் அல்லது ஒரு வருடம் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. நாளைக்கு 160 தாள் என்றால் 300 நாளில் 48,000தான் ஆகிறது. எண்ணிக்கை நான்கு வருடம் தாங்கும், ரப்பரின் வயது அதற்கு முன்பே முடியும். கார்பன் இல்லாத நகல் தாள் நிறைய ஓடும் இடமென்றால் இன்னும் சீக்கிரம், அதன் மேல் பூசிய ரசாயனம் ரோலரைக் கெடுக்கும். இரண்டு தாளாக இழுக்கத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் இயந்திரம் பழுதில்லை, ரோலர் வழுக்குகிறது.

ஈசிஜி தாளில் தெரிந்துவிடும்

ஒரே ஒரு தாளை வைத்து ஸ்கேனரையும் அதை அமைத்தவரையும் எடைபோடச் சொன்னால் ஈசிஜியைத்தான் எடுப்பேன். வழக்கமான வேகம் நொடிக்கு 25 மி.மீ. ஒரு சின்னக் கட்டம் 1 மி.மீ., அதாவது 0.04 நொடி. கட்டத்தை எண்ணித்தான் டாக்டர் அளக்கிறார். ஸ்கேன் சிறிதானாலும் பெரிதானாலும் கட்டமும் அலையும் சேர்ந்தே மாறும், எண்ணிக்கை கெடாது. கட்டமே காணாமல் போனால்?

போகும். கருப்பு வெள்ளை முறையில் எடுத்தால் இளஞ்சிவப்புக் கட்டம் ஒன்று மறைந்துபோகும், இல்லையென்றால் புள்ளி புள்ளியாகக் கருத்து அலையை விழுங்கும். இன்னொரு வினோதம், நிறம் நீக்கும் வசதி. சிவப்பில் அச்சடித்த படிவங்களில் கோடுகளை நீக்கி எழுதியதை மட்டும் எடுக்க உண்டாக்கியது அது. யாரோ ஒருநாள் படிவத்துக்காக அதைப் போட்டுவிட்டு மறந்தால், மறுநாள் ஈசிஜியில் வெள்ளைப் பின்னணியில் தனி அலை மட்டும் நெளிந்து கிடக்கும். டாக்டர் சிவப்பு மையில் குறித்த அலர்ஜி எச்சரிக்கையும் கூடவே போயிருக்கும்.

ஈசிஜி தாள் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் வகை. சூடு, வெளிச்சம், பிளாஸ்டிக் உறை, கை கழுவும் ஆல்கஹால் திரவம் எதுவும் அதற்கு ஆகாது. வந்த அன்றே எடுத்துவிட வேண்டும், கலரில், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). நீளச் சுருளுக்கு 'நீளத் தாள்' முறை இயந்திரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏ4 நீளத்தில் வெட்டிவிடும்.

கலரில் எடுத்தால் கோப்பு பெருத்துவிடும் என்று பயப்பட வேண்டாம். 300 டிபிஐ ஏ4 பக்கம் 2480க்கு 3508 புள்ளிகள், சுருக்காமல் 26 எம்பி. ஜேபெக் சுருக்கத்தோடு பிடிஎஃப் ஆனால் ஏறத்தாழ ஒரு எம்பிக்குள் அடங்கும். நாளைக்கு 160 பக்கம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 48 ஜிபிக்கு மேல் போகாது. 600 டிபிஐ வேண்டாம், புள்ளிகள் நாலு மடங்கு ஆகும், படிப்பதற்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. நீண்ட காலம் வைக்கப்போகும் கோப்புக்குப் பிடிஎஃப்/ஏ என்ற வடிவம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெற்றுப் பக்கங்களைத் தானே நீக்கும் வசதியை ஒரு கிளினிக்கில் ஆசையாகப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் எடுக்கும்போது பாதிப் பக்கம் வெறுமையாக வருமே, அது போகட்டும் என்று. மூன்று வாரம் கழித்து ரிசப்ஷன் அக்கா கூப்பிட்டார். "தம்பி, டாக்டர் பின்பக்கம் பென்சில்ல எழுதினதெல்லாம் காணோம்." மெல்லிய பென்சில் கோட்டை இயந்திரம் தூசி என்று நினைத்துவிட்டது. நல்ல வேளை, மூலத் தாள்களை ஒரு மாதம் வைத்திருக்கும் பழக்கம் அங்கே இருந்தது. அன்றிலிருந்து அந்த வசதியை நான் யாருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை.

சரி, எதை வாங்குவது

மென்பொருளில் ஸ்கேன் பட்டன் இருக்கிறது, தினமும் நூறு தாளுக்கு மேல் என்றால்: ட்வைன் உள்ள அலுவலகக் குடும்பத்தில் 35, 40 பக்க வேகத்தில் ஒன்று, யுஎஸ்பியில். மிச்சமாகும் காசில் உதிரி ரோலர் ஜோடி. 70 பக்க மாடலுக்குப் போக ஒரே நியாயமான காரணம் அலமாரியில் இருக்கும் பழைய ஃபைல்கள். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 5,000 ஃபைல், ஒவ்வொன்றிலும் 40 தாள் என்றால் 2 லட்சம் தாள். ஒரு ரோலர் ஜோடியின் முழு ஆயுள் இதிலேயே தீரும், பின் பிடுங்கும் வேலைக்கே மாதக்கணக்கில் ஒரு ஆள் வேண்டும். பழைய நோயாளி மறுபடி வரும்போது அவர் ஃபைலை மட்டும் எடுத்து ஸ்கேன் செய்துவிடுவதுதான் நான் பார்த்தவரை கடைசிவரை ஓடுகிற வழி.

பதிவேற்றும் முறை மட்டும்தான் என்றால் ஒரு பட்டன் குடும்பம். நிறுவனத்தின் கிளவுடுக்கு அனுப்பும் தேர்வை அணைத்துவிட்டு உள்ளூர் ஃபோல்டருக்கு மட்டும் அனுப்பும்படி வைக்க வேண்டும். தாள் குறைவு, எல்லாம் ஏ4 என்றால் ஆல் இன் ஒன் போதும், அட்டைக்கும் துண்டுச் சீட்டுக்கும் அதன் கண்ணாடியையே பயன்படுத்திக்கொள்ளலாம். நெட்வொர்க் ஃபோல்டருக்கு அனுப்பும் பழைய இயந்திரம் யாராவது கொடுத்தால் யோசித்து வாங்குங்கள். 2017க்குப் பிந்தைய விண்டோஸ் பதிப்புகளில் நெட்வொர்க்கில் கோப்பு பகிரும் எஸ்எம்பி1 என்ற பழைய முறை தானாக நிறுவப்படுவதில்லை, அதை மட்டுமே தெரிந்த இயந்திரம் ஃபோல்டரைக் கண்டுபிடிக்காது. அதற்காக எஸ்எம்பி1ஐத் திரும்பத் திறந்துவிடுவது பாதுகாப்புக்கு நல்லதல்ல.

வாங்கிய பிறகு வாரம் ஒருமுறை, உள்ளே இருக்கும் கண்ணாடிப் பட்டையைத் துடைக்க வேண்டும். இந்த வகையில் சென்சார் நிற்கிறது, தாள்தான் நகர்கிறது. அதனால் ஒரு துளி தூசி, பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கோடாக விழும். எண்கள் வரிசையாக நிற்கும் லேப் ரிப்போர்ட்டில் அந்தக் கோடு ஒரு எண்ணுக்கு முன்னால் போய் நின்றால் 1 போலவே தெரியும். திங்கட்கிழமை காலை, முதல் நோயாளி வரும் முன், ஒரு வெள்ளைத் தாளை உள்ளே விட்டுப் பாருங்கள்.